சென்னைக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர்த் திட்டம்: ஜனவரியிலேயே போட வேண்டிய கணக்கு

சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு முடிகிறது. அதன்பின் ஏரிகளில் சொல்லிக்கொள்ளும்படி நீர் ஏற அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். ஆக, மே மாதம் குழாயில் தண்ணீர் வருமா காற்று வருமா என்பது ஜனவரி முதல் வாரத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. நம் அசோசியேஷன் கூட்டங்களில் இந்தப் பேச்சு எழுவதோ ஏப்ரல் கடைசியில், போர் (ஆழ்துளைக் கிணறு) மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்த பிறகு. அந்த நேரத்தில் தண்ணீர் லாரிக்காரர் புது வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

2018ல் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் கிட்டத்தட்ட வறண்டுவிட்டன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்து வந்த மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) அதை 52.5 கோடியாகக் குறைத்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். ஊரே வேடிக்கை பார்த்த அந்த ரயில், குறைத்துக் கொடுத்த ஒரு நாள் விநியோகத்தில் அரை சதவீதம்கூட இல்லை. கடைசி நேர ஏற்பாட்டால் இவ்வளவுதான் முடியும். மிச்சத்தை வீட்டுக்கு வீடு, கட்டடத்துக்குக் கட்டடம் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழே உள்ளவை சம்ப் (தரைக்கடியில் உள்ள தொட்டி), போர், மொட்டைமாடி டேங்க் மூன்றும் உள்ள நடுத்தர அடுக்குமாடிக் குடியிருப்புக்கான படிகள். தனி வீட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். சம்ப் இல்லாத லைன் வீடுகளுக்கு (வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள்) ஒரு பகுதி தனியாக இருக்கிறது.

படி 1: உங்கள் லிட்டரைத் தெரிந்துகொள்ளுங்கள்

"எங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு லாரி ஆகும்" என்பது கணக்கு ஆகாது. சம்பின் நீளம், அகலம், நீர் நிற்கும் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வருவது கனஅடி. அதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர். 10 அடிக்கு 8 அடி சம்ப், 6 அடி நீர் என்றால் 480 கனஅடி, சுமார் 13,600 லிட்டர். இந்த சம்பில் ஓர் அங்குலம் என்பது ஏறக்குறைய 190 லிட்டர். ஒரு நீளமான பி.வி.சி. பைப்பில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு சம்ப் மூடிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இந்தத் திட்டத்துக்கு வாங்க வேண்டிய கருவிகளில் மிக மலிவானதும் அதிகம் பயன்படுவதும் இதுதான்.

அடுத்து செலவு. ஒரு சாதாரண வார நாளில் மெட்ரோ வால்வையும் போரையும் 24 மணி நேரம் மூடிவிட்டு, மாடி டேங்கை அதே அளவுக்கு நிரப்பி, சம்ப் எத்தனை அங்குலம் இறங்கியது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை. துணி துவைக்கும் நாள் என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. நகரங்களுக்கு மத்திய அரசு வகுத்துள்ள அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 24 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் சுமார் 13,000 லிட்டர். உங்கள் அளவு இதைவிட வெகுவாக மேலே போனால், லாரிக்கு ஆள் தேடுவதற்கு முன் கசிவைத் தேடுங்கள்.

மேலே சொன்ன சம்ப், 24 வீடு கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். முழு சம்ப் என்பது ஒரே ஒரு நாள். பலர் தங்களிடம் மூன்று நாள் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படி 2: எந்த வரத்து முதலில் நிற்கும்?

மெட்ரோ, போர், லாரி, கேன் நான்கையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எதை நம்பியிருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைப்பதில்தான் சிக்கல். லாரித் தண்ணீரில் பெரும்பங்கு புறநகர்க் கிணறுகளிலிருந்தும் போர்களிலிருந்தும் வருகிறது. உங்கள் போர் வற்றும்போது அவையும் இறங்கிக்கொண்டிருக்கும். தனியார் லாரிகள் வேலைநிறுத்தம் செய்த நாட்களும் உண்டு. 2020 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அனுமதியில்லாத கேன் தண்ணீர் ஆலைகளை மூடியபோது கேனுக்கும் திண்டாட்டம் வந்தது.

கடல்நீர் சுத்திகரிப்பு மட்டும் மழையை நம்பாதது. மீஞ்சூரில் 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 10 கோடி, அங்கேயே 2024 பிப்ரவரியில் திறந்த இரண்டாவது நிலையத்தில் 15 கோடி. இவை நாளொன்றுக்கான முழுத் திறன். உண்மை உற்பத்தி இதற்குக் கீழேதான் இருக்கும். உங்கள் தெருவுக்கு வருவது எந்த ஊர்த் தண்ணீர் என்று பகுதிப் பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள், சொல்வார்கள். நெம்மேலித் தண்ணீர் வரும் தென்சென்னைத் தெருவும் ஏரியை மட்டுமே நம்பிய தெருவும் ஒரே மாதிரித் திட்டம் போட வேண்டியதில்லை.

படி 3: ஜனவரி ஏரிக் கணக்கு

ஏரி நிலவரத்தை மெட்ரோ வாட்டர் தன் இணையதளத்தில் அன்றாடம் போடுகிறது. நான்கு பழைய ஏரிகளின் கொள்ளளவு 11,257 மில்லியன் கனஅடி. 2020ல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஏரியில் 500, வீராணம் ஏரியில் 1,465. எல்லாம் சேர்ந்து 13,222. ஆயிரம் மில்லியன் கனஅடி ஒரு டி.எம்.சி., அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கோடி லிட்டர் என்று வைத்தால் மாதத்துக்கு ஒரு டி.எம்.சி. என்ற பழைய வாய்க்கணக்கு சரியாகவே வருகிறது.

ஜனவரி முதல் செப்டம்பர் வரை 9 மாதம். கடல்நீர் நிலையங்கள் முழுத் திறனில் ஓடி 35 கோடியைக் கொடுத்தாலும், ஏரிகள் மீதி 65 கோடியைத் தர வேண்டும். மாதத்துக்கு 0.7 டி.எம்.சி., மொத்தம் ஆறே கால். இதில் வெயில் குடிப்பது சேரவில்லை. எனவே ஜனவரி முதல் தேதியில் நான் பார்க்கும் கோடுகள் இவை: 9 டி.எம்.சி.க்கு மேல் இருந்தால் வழக்கமான கோடை. 6 முதல் 9 வரை என்றால் லாரி ஒப்பந்தத்தைப் பேசி வைக்க வேண்டும். 6க்குக் கீழே போனால் பிப்ரவரியிலேயே சிக்கனத்தைத் தொடங்க வேண்டும். இது அரசு வகுத்த கோடு அல்ல, என் கணக்கு. உங்கள் தெரு அனுபவத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர்? 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வர வேண்டும். வந்தால் நல்லது. அதை வரவில் எழுதாதீர்கள்.

ஏரியோடு நிறுத்திவிடாமல் போரில் நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதையும் மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். இரண்டு வருடக் குறிப்பு கையில் இருந்தால், போர் எந்த வாரத்தில் கைவிடும் என்று ஓரளவு முன்பே சொல்லிவிடலாம்.

படி 4: எதை எப்போது நிறுத்துவது

இதைக் கூட்டம் போட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். பஞ்சம் வந்தபின் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

முதல் கட்டம், போர் வழக்கத்தைவிட இறங்கும்போது. ஹோஸ் வைத்துக் கார் கழுவுவது, வாசல் கழுவிவிடுவது நிற்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் குழாயை வாளிக்குத் திருப்பினால் வீடு துடைக்கவும் கழிவறைக்கும் ஆகும். மாடி டேங்கில் மிதவை வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் வழிந்து ஓடுவதைப் பார்த்து யாராவது கத்திய பிறகு வாட்ச்மேன் மோட்டாரை நிறுத்துவது நம் ஊரில் ஒரு பண்பாடாகவே ஆகிவிட்டது.

இரண்டாம் கட்டம், மெட்ரோ ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும்போது. குழாய்களுக்கு ஏரேட்டர் (காற்றைக் கலந்து நீரைக் குறைத்துவிடும் முனை), பழைய 10 லிட்டர் ஃப்ளஷ் தொட்டிக்குள் மூடிய இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில், துணி துவைப்பதற்கு வீட்டுக்கு வீடு நாள்.

மூன்றாம் கட்டம் நேர விநியோகம்: காலை இரண்டு மணி நேரம், மாலை ஒன்றரை. பலரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கையில்லை. குழாய் திறந்ததும் எல்லாரும் இருக்கிற வாளி, குடம், டிரம் எல்லாவற்றையும் நிரப்பி, மறுநாள் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பார்கள். இரவுப் பணிக்குப் போய்க் காலை பத்துக்கு வருகிறவருக்கு எதுவும் கிடைக்காது. வீட்டுக்கு ஒரு மீட்டர் போட்டு, ஆளுக்கு இத்தனை லிட்டருக்கு மேல் போனால் லாரி விலையில் வசூல் என்று வைத்தால் நேரக் கட்டுப்பாடே தேவைப்படாமல் போகலாம். மீட்டர் போட முடியாத பழைய கட்டடத்துக்கு மட்டும் நேர விநியோகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டத்திலும் கை வைக்கக் கூடாதவை: கைக்குழந்தையும் படுக்கையில் உள்ள நோயாளியும் இருக்கும் வீடுகளின் அளவு, வாட்ச்மேனும் வேலைக்கு வரும் அம்மாக்களும் பயன்படுத்தும் குழாயும் கழிவறையும். சிக்கனம் என்றதும் கீழ்த்தளக் குழாயைப் பூட்டுகிற அசோசியேஷன்கள் இருக்கின்றன. அதில் மிச்சமாகும் தண்ணீர் ஒன்றுமேயில்லை.

படி 5: லாரி

பிப்ரவரியில் இரண்டு பேரிடம் பேசுங்கள். ஒருவரிடம் முழு ஒப்பந்தம், இன்னொருவரிடம் மாதம் ஒன்றிரண்டு லோடு எடுத்துப் பழக்கம். கோடையில் லாரி பழைய வாடிக்கைக்குத்தான் முதலில் போகும். மெட்ரோ லாரியை இணையத்தில் பதிவு செய்யலாம். விலை குறைவு, தரமும் நம்பலாம். 2019ல் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். குழாயே வராத தெரு என்றால் மெட்ரோ வாட்டரின் 1916க்குப் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பகுதி அலுவலகத்தில் பேச்சு நகர அந்த எண் வேண்டும்.

பேசும்போது கேட்க வேண்டியவை: லாரியின் கொள்ளளவு, எந்த ஊர்க் கிணறு, விலை எந்த மாதம் வரை மாறாது, சொன்ன நாளில் வராவிட்டால் என்ன ஏற்பாடு.

இனி அளவு. மேலே சொன்ன 10க்கு 8 சம்பில் 9,000 லிட்டர் லாரி இறக்கினால் நீர் 4 அடி ஏற வேண்டும். 12,000 லிட்டருக்கு 5 அடி 3 அங்குலம். இறக்குவதற்கு முன் மாடிக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்தி, மெட்ரோ வால்வை மூடி, கோடு போட்ட பைப்பை விட்டு அளந்து எழுதுங்கள். இறக்கியபின் மறுபடி. எங்கள் கட்டடத்தில் இப்படி ஆரம்பித்த காலத்தில் நடந்த பேச்சு:

"வர்ற வழியில பள்ளம் சார், கொஞ்சம் சிந்திடுச்சு."

"பரவால்லண்ணே, குச்சியில எவ்வளவு ஏறுதோ அதுக்குக் காசு வாங்கிக்கங்க."

அடுத்த லோடிலிருந்து பள்ளங்கள் காணாமல் போயின.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 6 அடி சம்பில் 5 அடி 3 அங்குலம் ஏற வேண்டும் என்றால், 12,000 லாரி வரும்போது சம்பில் 9 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் இருக்கக் கூடாது. இருந்தால் மிச்சம் லாரியோடு திரும்பிப் போகும், காசு போனது போனதுதான். பக்கெட் கணக்கில் சிக்கனம் பிடிக்கும் மாதத்தில் இது பெரிய நஷ்டம். சிறிய சம்புக்கு 9,000 அல்லது 6,000 லிட்டர் லாரியை அடிக்கடி எடுப்பது லிட்டர் விலையில் கூடுதலாகத் தெரியலாம், ஆனால் தண்ணீர் தீர்ந்துபோகும் அபாயமும் வீணும் குறையும்.

படி 6: வந்த தண்ணீரைச் சோதிப்பது

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்துள்ள உப்பை மட்டும் காட்டும். இந்தியத் தர அளவில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை. மீட்டரில் 300 காட்டுகிறது, அதனால் சுத்தமான தண்ணீர் என்று நினைக்காதீர்கள். சாக்கடை கலந்த தண்ணீரும் 300 காட்டலாம்.

கிருமிக்கு குளோரின். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது சுகாதாரத் துறை வழக்கத்தில் உள்ள அளவு. அப்படியே சம்பில் தூவக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு குளோரோஸ்கோப் என்ற சிறு சோதனைப் பெட்டியால் கடைசி மாடிக் குழாயில் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் திறந்து வைத்தால் வீரியம் இழக்கும் பொருள். போன வருடத்துப் பொட்டலத்தை நம்பாதீர்கள். கழிவறை ஆசிடோடு அது கலந்தால் விஷவாயு வரும், இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர் வீதம் மூன்று நாளைக்குத் தனியாக எடுத்து வையுங்கள். நாலு பேருக்கு 60 லிட்டர், அதாவது மூன்று கேன். கேனில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நிரப்பிய தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். சந்தேகம் வந்தால் கொப்பளித்துக் கொதிக்கும்வரை காய்ச்சி, ஒரு நிமிடம் கழித்து இறக்குங்கள்.

சேமிக்கும்போது டெங்குவும் கூடவே வரும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உள்பக்கத்தை நாரால் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். முட்டைகள் சுவரில் ஒட்டியிருப்பதால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது.

படி 7: புயலும் வெள்ளமும்

தண்ணீர் அவசரம் என்றாலே வறட்சி என்று நினைப்பது பழைய சென்னை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இடுப்பளவு தண்ணீர் நடுவே குடிக்கத் தண்ணீரில்லாமல் பல பகுதிகள் தவித்தன. மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. சாக்கடையும் மழைநீரும் சம்புக்குள் இறங்கிவிடும்.

புயல் எச்சரிக்கை வந்த அன்றே மாடி டேங்கை முழுதாக நிரப்பி, சம்ப் மூடியைப் பாலிதீன் போட்டுக் கட்டி, இடுக்குகளைச் சிமெண்டுப் பூச்சால் அடைத்துவிடுங்கள். மோட்டார் சுவிட்ச் பெட்டி 2015 வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். வெள்ளம் சம்பின் வாயைத் தொட்டுவிட்டால் அதன்பின் ஒரு சொட்டைக்கூட மாடிக்கு ஏற்றக் கூடாது. ஏற்றினால் கையில் இருக்கும் ஒரே நல்ல தண்ணீரும் கெட்டுவிடும். வாட்ச்மேனுக்கு இதை முன்பே சொல்லி, மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டுப் போடுவது நல்லது.

வடிந்தபின் சம்பை முழுதாக இறைத்து, சேற்றை அள்ளி, தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி 1,000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து 12 மணி நேரம் விடுங்கள். பிறகு அதையும் இறைத்துக் கொட்டி, மறுபடி அலசிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மூடிக் கிடந்த சம்பில் ஆள் இறங்குவதற்கு முன் இரண்டு மூடிகளையும் திறந்து போட்டு நேரம் கொடுங்கள், மின் இணைப்பைத் துண்டியுங்கள், மேலே ஒருவர் கயிற்றோடு நிற்கட்டும். உள்ளே மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி இருவரும் போன செய்திகளை எத்தனையோ முறை படித்துவிட்டோம். ஆள் இறங்காமலே கழுவும் இயந்திரச் சேவைகள் இருக்கின்றன, கூடுமானவரை அவற்றைக் கூப்பிடுங்கள்.

சம்ப் இல்லாத லைன் வீடுகளில்

இங்கே தெரு டேங்கும் அடி பம்பும்தான் ஆதாரம். லாரி எப்போது வரும் என்ற நிச்சயமின்மையால் கூலி போவது பெரும்பாலும் பெண்களுக்கு. நாலைந்து வீடு சேர்ந்து முறை வைத்து ஒருவர் காத்திருப்பது, குடத்துக்குப் பெயர் எழுதுவது, லாரி நேரத்தைப் பகுதி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவது மூன்றும் செலவில்லாதவை. வாய் குறுகிய, மூடி போட்ட, அடியில் குழாய் வைத்த டிரம் ஒன்று இருந்தால் டம்ளரை உள்ளே விட்டு மொள்ள வேண்டியதில்லை, வயிற்றுப்போக்கு குறையும். மெட்ரோ லைனில் நேரடியாக மோட்டார் மாட்டி இழுப்பது சட்டவிரோதம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அழுத்தமில்லாத குழாயை உறிஞ்சும்போது விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடைதான் முதலில் உள்ளே வரும்.

படி 8: ஆகஸ்டில் மழைக்குழியைச் சோதிப்பது

மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. குழாயும் குழியும் எங்கும் உண்டு. குழியில் மண் நிறைந்து கிடப்பதும் எங்கும் உண்டு. மொட்டைமாடிக் குழாயில் இருபது வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குழி கொஞ்ச நேரத்தில் உறிஞ்சாமல் தேங்கி நின்றால் சல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட வேண்டும். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை 930 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிறது. பாழடைந்த கிணறு இருந்தால் அதைக் குப்பை போட்டு மூடாமல் மாடிக் குழாயை அதற்குத் திருப்புங்கள்.

கட்டுப்பாட்டைத் தளர்த்துவது

முதல் மழையோடு தளர்த்தாதீர்கள். காய்ந்த மண் குடித்தது போகத்தான் ஏரிக்குப் போகும். மெட்ரோ பழைய அளவுக்கு வந்து, போர் நீர்மட்டம் இரண்டு அளவீடுகளில் தொடர்ந்து ஏறிய பிறகு மூன்றாம் கட்டத்தை எடுங்கள், அடுத்த மாதம் இரண்டாவதை. நாள்கணக்கில் காலியாகக் கிடந்த குழாயில் திரும்ப வரும் முதல் தண்ணீர் கலங்கலாகவும் நாற்றத்தோடும் இருக்கும். அதை சம்புக்குள் விடாமல் வாளியில் பிடித்துக் கழிவறைக்குப் பயன்படுத்துங்கள். தெளிந்த பிறகு வால்வைத் திறந்து, குளோரின் பார்த்து, முதல் இரண்டு வாரம் குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுங்கள். நாற்றம் போகவில்லை என்றால் அன்றே 1916.